மாஸின் பால் குடித்த இடம்

பூங்காவின் வாயில்காவலர் பால்மாவு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு காலிப் புட்டியை இரண்டு விரல்களால் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தார். வெந்நீர் பிளாஸ்கைக் காதருகே குலுக்கினார். மூன்றிலும் குற்றம் எதுவும் அகப்படாத வருத்தத்தோடு, கடைசியில் புட்டியின் சொந்தக்காரனைப் பார்த்தார். ஒரு வருடம் ஒன்பது மாதம் ஆன மாஸின், தாயின் இடுப்பில் உட்கார்ந்தபடி, தன்னை விடியற்காலையில் எழுப்பிய உலகத்தின்மீது இருந்த கோபம் மொத்தத்தையும் அவர்மேல் காட்டினான்.

"பால் இவனுக்கா?" என்றார் காவலர். "ரெண்டு வயசுக்குக் கீழே இருந்தாத்தான் வெளிப் பால் உள்ள போகும். இவனைப் பார்த்தா அடுத்த வருஷம் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்துருவாங்க போல இருக்கே."

"உடம்பு அப்பன் குடுத்தது," என்றாள் வரிசையில் பின்னால் நின்ற, மாஸினின் தாயோடு தையல் வேலை செய்கிற ஸபாஹ். "வயசு தெரியணும்னா வாயில விரலை விட்டுப் பல்லை எண்ணுங்க. விரலுக்கு நாங்க பொறுப்பில்ல."

மாஸினின் தாய் இப்திஸாம் பையிலிருந்து பிறப்புச் சான்றிதழின் நகலை எடுத்து நீட்டினாள். அவள் அப்படிப்பட்டவள். பூங்காவுக்கே சான்றிதழோடு வருவாள். பால் உள்ளே போனது. ஆனால் முந்தின நாள் வேலை விட்டு வந்து அவள் செய்த மக்ரோனி, பாலும் மாவும் காய்ச்சிய குழம்பு ஊற்றி, கறி வைத்து, மேலே பொன்னிறமாகச் சுட்டு, தட்டோடு இரண்டு துண்டுகளில் சுற்றிய அந்த மூன்று விரல் கனத்த மக்ரோனி, உள்ளே போகவில்லை. வெளி உணவுக்கு அனுமதி இல்லை. உள்ளே கடை இருக்கிறது. கடையில் ஒரு ரொட்டித் துண்டின் விலையைக் கேட்டவர்கள் அதைச் சாப்பிட்டவர்கள் மாதிரியே திக்குமுக்காடித் திரும்பினார்கள்.

தட்டை, இப்திஸாமின் கம்பெனி அமர்த்திய பேருந்துக்குத் திருப்பிக் கொண்டுபோன வேலை ஷஹாத்தாவுடையது. மாஸினின் அப்பா. அவர்கள் பேட்டையான ஷுப்ராவின் சந்துகளில் டுக்டுக் என்கிற ஆட்டோ ஓட்டுகிறவன். பேருந்து ஓட்டுநரிடம், தட்டில் கை வைத்தால் என்ன ஆகும் என்று விளக்கி, "தலாக் மேல சத்தியம், ஒரு ஓரம் உடைஞ்சிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும்," என்றும் சொல்லிவிட்டு வந்தான். சொன்னது தவறினால் கல்யாணம் முறிந்தது என்று அர்த்தம். ஷஹாத்தாவுக்கு அந்தச் சத்தியம் வண்டியில் இருக்கிற ஹாரன் மாதிரி. தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முனைக்கு ஒரு தரம் அடித்துவிடுவான். அந்த ஊரில் டுக்டுக் ஓட்டுகிற எல்லோரும் அப்படித்தான். அவர்கள் சொன்ன தலாக்கெல்லாம் பலித்திருந்தால் ஷுப்ராவில் ஒரு தம்பதிகூட மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

திரும்பி நடக்கும்போது அவனுக்கு ஒரு கவலை இருந்தது. மக்ரோனியைப் பற்றிய கவலை அல்ல. இன்று முழுவதும் மாஸின் பால் குடிக்க மாட்டான் என்பது கம்பெனி அழைத்து வந்திருந்த இருபத்து மூன்று குடும்பங்களில் அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயம் இதுதான். இப்திஸாம், வெளிநாட்டுக் கடைகளுக்குக் கால்சட்டை தைக்கிற கம்பெனியில் ஜிப் வைக்கிறவள். நூறு பெண்களுக்கு மேல் வேலை செய்தால் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கம்பெனியும் வைத்திருந்தது. வாசலை ஒட்டி 'பிள்ளைகள் அறை' என்று பலகை மாட்டிய அறை. உள்ளே கூரை வரை ஜிப் பெட்டிகள். மாஸின் பிறந்து, இப்திஸாம் திரும்பவும் வேலைக்குப் போனபோது அந்த அறையைப் பற்றிக் கேட்டாள். சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார் பணியாளர் பிரிவு அதிகாரி, எல்லோரும் மரியாதைக்கு 'உஸ்தாத்' போட்டு அழைக்கும் உஸ்தாத் வக்தி. மாஸின் குப்புற விழுந்தான், தவழ்ந்தான், நடந்தான், பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்தினான். சாவி இன்னும் கிடைத்தபாடில்லை.

அதனால் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது ஷஹாத்தாவின் அக்கா நகாத். நான்கு மாதங்களுக்கு முன் நகாத்துக்கும் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட் கட்டுகிற இடத்தில் வேலை கிடைத்தது. இதைச் சொன்னால் இப்திஸாம் வேலையை விடுவாள். அவள் வேலையை விட்டால் வீட்டுச் சொந்தக்காரர் அவர்களை விடுவார், தெருவில். ஷஹாத்தா இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துச் சால்வையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சவாரிக்குப் போனான்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். போன வருடம் பக்கத்துச் சந்தில் ஒரு டுக்டுக் கவிழ்ந்ததைப் பார்த்த அன்றே இப்திஸாம் அவனிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள். பிள்ளையை வண்டியில் ஏற்ற மாட்டேன் என்று. அவன் வழக்கமான சத்தியத்தைத்தான் செய்திருந்தான்.

இப்போது மாஸினுக்கு நான்கு மாதப் பழக்கம். இன்ஜின் நடுங்க வேண்டும், அப்பன் ஹாரன் அடிக்க வேண்டும், சவாரிக்கு ஆள் கூப்பிட வேண்டும். அப்போதுதான் புட்டிக்கு வாய் திறப்பான். முதலில் பால், அதற்கப்புறம்தான் ரொட்டியோ வாழைப்பழமோ. பால் இறங்காதவரை வாய்க்குப் பூட்டு. இரவில் அரைத் தூக்கத்தில் யார் கொடுத்தாலும் குடிப்பான். இப்திஸாம் விடிவதற்குள் போய், பிள்ளை கண் மூடின பிறகு வருகிறவள். விடுமுறையான வெள்ளிக்கிழமைகளிலும் பாதிக்குப் பாதி ஓவர்டைம்; மீதி வெள்ளிகளில் ஷஹாத்தா, "ரொட்டி வாங்கிட்டு வரோம்" என்று பிள்ளையோடு இறங்கிப் போய்க் காலிப் புட்டியோடு வருவான். ஆக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தூக்கத்தில் பால் குடிக்கிற மாஸின்தான்.

அதனால்தான் இந்த ஒரு நாளுக்கு அவள் அத்தனை ஆசைப்பட்டாள். கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று கடிகாரம் பார்க்கிற கம்பெனி, சின்னப் பிள்ளை வைத்திருக்கிற தாய்மார்களைச் சம்பளம் பிடிக்காமல் குடும்பத்தோடு பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன் என்றதும் தையல் வரிசையில் ஆளுக்கு ஒரு சந்தேகம். முதலாளி ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார், போகும் முன்னால் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார் என்பது ஸபாஹின் கட்சி. உஸ்தாத் வக்தி ஒன்றும் சொல்லாமல் எல்லோர் தலையிலும் கம்பெனிப் பெயர் போட்ட சிவப்புத் தொப்பியை வைத்தார். கூடவே ஒரு புகைப்படக்காரரையும் அழைத்து வந்திருந்தார். இப்திஸாம் எதையும் சந்தேகப்படவில்லை. "பகல்ல, வெளிச்சத்துல, என் மடியில வச்சு அவனுக்குப் பால் குடுக்கப் போறேன்," என்று முந்தின நாள் மக்ரோனி கிளறிக்கொண்டே சொன்னாள். ஷஹாத்தா அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுவே காரணம் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

குதிரைகள் சுற்றும் ராட்டினத்துக்கு எதிரே, ஒரு மரத்தடிப் பெஞ்சில் இப்திஸாம் உட்கார்ந்தாள். பால் கலக்கினாள். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். பிள்ளையை மடியில் சாய்த்து, தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லிப் புட்டியை வாயில் வைத்தாள்.

மாஸின் உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டான்.

பாடிப் பார்த்தாள். இடது பக்கம் மாற்றிப் பார்த்தாள். எழுந்து நின்று பார்த்தாள். ராட்டினத்தைக் காட்டி அவன் வாய் பிளந்த நேரம் பார்த்து உள்ளே தள்ளினாள். அவன் நாக்கால் வெளியே தள்ளினான். அரை மணி நேரத்தில் பெஞ்சைச் சுற்றிச் சிவப்புத் தொப்பிகள் கூடிவிட்டன. ரப்பரில் தேன் தடவச் சொன்னாள் ஒருத்தி. பல் வருகிறது, தொடாதே என்றாள் இன்னொருத்தி. பால் கட்டி தட்டியிருக்கிறது என்று மூன்றாமவள் ஒரு வாய் குடித்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று இரண்டாவது வாயும் குடித்தாள். ஷஹாத்தா எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டு, உலகத்தில் எந்தக் குற்றமும் செய்யாத மனிதனைப் போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

ஸபாஹ் மட்டும் இது கண்ணேறு என்று தீர்ப்புச் சொன்னாள். இவ்வளவு பெரிய பிள்ளையை இவ்வளவு பேர் பார்த்தால் வேறென்ன ஆகும்? தையல்காரிகளிடம் ஊசிக்குப் பஞ்சமில்லை. இருபது முக்காடுகளில் இருபது ஊசி. பூங்காவின் வழிகாட்டிப் படத்தை வாங்கி, மடித்து, கையாலேயே கிழித்து ஒரு பொம்மை உருவம் செய்தாள். பார்த்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குத்து. வாயில்காவலர் கண்ணுக்கு ஒன்று. பேருந்து ஓட்டுநர் கண்ணுக்கு ஒன்று. நகாத் கண்ணுக்கு ஒன்று. உஸ்தாத் வக்தியின் பெயர் வந்தபோது நான்கைந்து ஊசிகள் ஒரே நேரத்தில் இறங்கின. பொம்மையின் தலை தனியாக வந்துவிட்டது. மீதியைக் கொளுத்தி மாஸினின் தலையை ஏழு முறை சுற்றுவதற்குள், புகையைப் பார்த்த பூங்கா ஊழியர் ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து பொம்மையையும் ஸபாஹையும் சேர்த்து அணைத்தார்.

மாஸின் எல்லாவற்றையும் ரசித்தான். பால் மட்டும் குடிக்கவில்லை.

வெயில் ஏறியது. ராட்டினத்துப் பாட்டு பத்தாவது முறையாகத் திரும்ப வந்தது. பிள்ளை அழ ஆரம்பித்து, அழுகையில் சத்தம் குறைந்து, சிணுங்கலாகி, தாயின் தோளில் தலையைப் போட்டான். இப்திஸாம் முதல் புட்டியைக் கீழே ஊற்றிவிட்டு இரண்டாவது கலந்தாள். கூட்டம் கலைந்து போயிருந்தது. அவள் புட்டியைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"உங்க அக்காகிட்ட குடிக்கிறான். என்கிட்ட குடிக்கல. அவனுக்கு என்னை யாருன்னு தெரியல, ஷஹாத்தா."

ஷஹாத்தாவிடம் அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் அவனுக்கு மனைவி இருக்கிறாளா இல்லையா என்பதே சந்தேகம். "வாத்து காட்டிட்டு வரேன்," என்று பிள்ளையையும் புட்டியையும் வாங்கிக்கொண்டு நடந்தான்.

பூங்காவில் அசைகிற சாமான்களுக்குக் குறைவில்லை. மோதும் கார்கள் இருந்தன. அதன் வாசலில் உயரம் அளக்கிற மரக்கரடி ஒன்று கையை நீட்டி நின்றது. அந்தக் கைக்கு எட்ட மாஸின் இன்னும் மூன்று வருடம் பால் குடித்தாக வேண்டும். ஷஹாத்தா காதைத் தீட்டிக்கொண்டு சுற்றினான். பழரசக் கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில், அவன் தேடியது கிடைத்தது. டீசல் ஜெனரேட்டர். பழையது, ஒரு பக்கம் சாய்ந்து, பல்லெல்லாம் ஆடுகிற மாதிரி உதறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அதன்மேல் ஏறிக் குந்தினான். பிள்ளையை மடியில் வைத்தான். பெட்டி கீழிருந்து நடுங்கியது. மாஸின் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"பீப் பீப்," என்றான் ஷஹாத்தா. சுற்றிலும் பார்த்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாக, "ஸ்டேஷன்! ஸ்டேஷன்! ஒரு ஆள்!"

வாய் திறந்தது. புட்டி உள்ளே போனது. ஒரு மடக்கு. இரண்டு. ஷஹாத்தாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இல்லாத கைப்பிடியைப் பிடித்து வளைத்தான், எதிரே வந்த குப்பைத் தொட்டியைத் திட்டினான், "தள்ளி உக்காரு தாயி, பின்னால இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு," என்று யாரும் இல்லாத பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தான்.

பின்னால் இப்திஸாம் நின்றுகொண்டிருந்தாள். கையில் கைக்குட்டை. வாத்து பார்க்கப் போன பிள்ளைக்கு வாய் துடைக்க எடுத்து வந்திருந்தாள்.

"என்ன சத்தம் அது?" என்றாள்.

"ஜெனரேட்டர்."

"அது இல்ல. நீ போட்டது."

ஷஹாத்தா பெட்டியிலிருந்து இறங்கினான். இறங்கியதும் நடுக்கம் நின்றது. மாஸின் புட்டியைத் துப்பினான். அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லை. அக்காவுக்கு வேலை கிடைத்ததிலிருந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்தாள், ஜிப் வைக்கிற மாதிரி, கீழிருந்து மேலாக.

"எத்தனை நாளா?"

"நாலு மாசம்."

"எங்க உக்கார வைப்ப?"

"மடியிலதான். சால்வையால கட்டிருவேன். கல்லு மாதிரி இருப்பான்."

"எந்த சால்வை?"

அவன் தரையைப் பார்த்தான்.

"கறுப்பா? நாலு மாசமா வீடெல்லாம் தேடினேனே. பக்கத்து வீட்டுக்காரிகூட அதுக்காகப் பேசறதை நிறுத்தினேனே?"

"அது... வண்டி சீட்டுக்கு அடியில இருக்கு."

"மெயின் ரோட்டுக்குப் போனியா?"

"போனதே இல்ல."

அவள் காத்திருந்தாள்.

"ரெண்டு தடவை."

அவள் இன்னும் காத்திருந்தாள்.

"செவ்வாய்க்கிழமை சந்தைக்கு. அது மெயின் ரோட்டுல சேராது."

இப்திஸாம் பிள்ளையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தான்; அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் ஜெனரேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தா வேலையை விட்டிருப்பேன்," என்றாள்.

"அதான் சொல்லல."

"தெரியும்." கைக்குட்டையால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "அவன் முழிச்சுக்கிட்டுக் குடிக்கிறதை இப்பத்தான் பார்த்தேன். குடிக்கும்போது புருவத்தைத் தூக்கறான். எப்பவுமே அப்படியா?"

"எப்பவும். பள்ளம் வந்தா ரெண்டு புருவமும்."

ஈரத் துணியோடு அவர்களைத் தேடி வந்த ஸபாஹ், பாதியில் நுழைந்தாலும் விஷயத்தை முழுதாகப் பிடித்துக்கொண்டாள். "அப்போ தலாக் மேல சத்தியம் பண்ணினது?" என்றாள். "யா ஷஹாத்தா, நாலு மாசமா நீ இவளுக்கு யாரு? வாடகைக்கு இருக்கியா?"

ஷஹாத்தாவின் முகம் வெளுத்தது. ஆனால் இப்திஸாம் இந்த விஷயத்தில் வல்லுநர். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாள் முழுக்க ஓடுகிற வானொலியில், தொலைபேசியில் மார்க்கச் சந்தேகம் கேட்கிறவர்களுக்கு ஒரு ஷேக் பதில் சொல்வார். கேட்பவர்களில் பாதிப்பேர் வண்டி ஓட்டுகிறவர்கள். அவர் கணக்கில், மனதில் பிரியும் எண்ணம் இல்லாமல் வாயால் மட்டும் சொன்னதென்றால் அது முறிந்த சத்தியம் மட்டுமே. அதற்குப் பரிகாரம் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு. "பேருந்துல மக்ரோனி இருக்கு," என்றாள். "அது அப்புறம். முதல்ல இவன். இங்க வேற என்ன நடுங்குது?"

சின்ன ரயில் நடுங்கியது. பூங்காவைச் சுற்றி ஓடும் ஆறு பெட்டி ரயில். முன்னால் யானை முகம். உயரம் அளப்பதில்லை. கடைசிப் பெட்டியில், சரியாகச் சக்கரத்துக்கு மேலே உள்ள பலகைதான் மோசமாக உதறும் என்று ஷஹாத்தா தொழில்முறையில் தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். 'ரயிலில் உண்ணவும் பருகவும் கூடாது' என்ற அறிவிப்பின்மேல் ஸபாஹ் சாய்ந்து உட்கார்ந்து அதை முழுவதும் மறைத்தாள். சிவப்புத் தொப்பிகள் முன்பெட்டிகளில் ஏறின. புகைப்படக்காரரும் ஏறினார்.

ரயில் கிளம்பியது. பலகை அதிர்ந்தது. மாஸின் கண்ணை விரித்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. எதற்காகவோ காத்திருந்தான்.

"கூப்பிடு," என்றாள் இப்திஸாம்.

"இத்தனை பேர் நடுவுலயா?"

"ஷுப்ரா முழுக்கக் கேக்கற மாதிரி கூப்பிட்டிருக்க. இங்க வெட்கமா?"

ஷஹாத்தா தொண்டையைச் செருமி, "ஸ்டேஷன், ஒரு ஆள்," என்றான், மருந்துக் கடையில் சொல்லக் கூடாததைக் கேட்கிறவன் மாதிரி. முன்பெட்டியில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. மாஸின் அப்பனை ஏளனமாகப் பார்த்தான். இந்தக் குரலுக்கு யார் ஏறுவார்கள்?

"நகரு," என்றாள் இப்திஸாம். "நான் கூப்பிடறேன்."

வீட்டில் அவள் குரல் உயர்ந்து ஷஹாத்தா கேட்டதில்லை. ஆனால் அது பதினோரு வருடமாக நூற்று நாற்பது தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே, "நூல் தீர்ந்துபோச்சு" என்று மறுமுனைக்குச் சொல்லிப் பழகிய தொண்டை. அவள் மூச்சை இழுத்தாள்.

"ஸ்டேஷன்! ஸ்டேஷன்! ஸ்டேஷன்! ஒரே ஆள், ஒரே ஆள்! ஏறும்மா ஏறு, தொங்காத தம்பி!"

ரயில் ஓட்டுநர் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்துவிட்டார். குளத்தில் வாத்துகள் எழும்பின. மாஸின் தலையைப் பின்னால் சாய்த்துத் தாயின் முகத்தைப் பார்த்தான். வெகு நாள் அறிமுகமானவரின் தொழில் இன்னதென்று அன்றுதான் தெரிந்துகொண்டவனின் மரியாதை அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு வாயைத் திறந்தான்.

முதல் சுற்றில் பாதிப் புட்டி. முன்பெட்டிகளும் சேர்ந்து கூப்பிட ஆரம்பித்தன. இரண்டாம் சுற்றில் தண்டவாளத்தின் இணைப்பில் பெட்டி குதித்தபோது இரண்டு புருவங்களும் மேலே போயின. இப்திஸாம் அதைப் பார்த்தாள், அடுத்த இணைப்பு வரும் வரை காத்திருந்து மறுபடியும் பார்த்தாள். முன்பெட்டியிலிருந்து புகைப்படக்காரர் திரும்பி முழங்காலில் நின்று, படம் எடுத்தார். அவள் தொப்பியில் கம்பெனிப் பெயர் தெரிகிற மாதிரி கொஞ்சம் நிமிரச் சொன்னார். அவள் காதில் எதுவும் விழவில்லை.

மூன்றாம் சுற்றில் புட்டி காலி. மாஸின் ஏப்பம் விட்டு, ஐஸ்கிரீம் குடும்பத்தை நோக்கிக் கையை நீட்டினான். பூட்டு திறந்துவிட்டது.

மக்ரோனியைப் பேருந்து நிழலில் வைத்துப் பத்தாக வெட்டினார்கள். ஓட்டுநர் தட்டைக் காப்பாற்றியிருந்தார்; ஒரே ஒரு ஓரத்தில் மட்டும் எலி கடித்த மாதிரி இருந்தது, எலி என்றே அவர் சொன்னார். ஏழைகளைத் தேடி எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. "நான் ஏழைங்கறதுக்குச் சீட்டு வேணுமா, இல்ல செருப்பைக் காட்டினாப் போதுமா?" என்று ஸபாஹ் முதல் துண்டை எடுத்தாள். தையல் வரிசையிலிருந்து இன்னும் ஆறு பேர். ஓட்டுநர் எட்டாவது, எலிக்குப் போக மீதி. சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்த வாயில்காவலர் ஒன்பதாவது. காலையில் தடுத்த அதே கையால் வாங்கி, உள்ளே இதுபோல் கிடைக்காது என்று ஒப்புக்கொண்டார். பத்தாவது துண்டு தட்டில் இருந்தபோது உஸ்தாத் வக்தி, எல்லோரும் ஏறுங்கள் என்று சொல்ல வந்து, வாசனையில் நின்றுவிட்டார்.

"குடுப்போம் உஸ்தாத்," என்றாள் ஸபாஹ். "ஆனா இது பரிகாரச் சாப்பாடு. ஏழைன்னு உங்க வாயால சொல்லணும். இல்லாட்டி இவங்க கல்யாணம் ஒரு துண்டுக்காக நிக்கும்."

உஸ்தாத் வக்தி புகைப்படக்காரர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பார்த்தார். "எனக்கும் ரெண்டு மாசமா ஓவர்டைம் காசு வரல," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டார். பரிகாரம் செய்தவன் அதிலிருந்து சாப்பிடக் கூடாதாம். ஷஹாத்தா தட்டைக் கழுவினான்.

அதற்குப் பிறகு வீட்டில் ஓர் ஏற்பாடு வந்தது. மெயின் ரோடு கிடையாது. செவ்வாய்ச் சந்தையும் மெயின் ரோட்டில் சேர்த்தி. சால்வை இரண்டு முடிச்சு. மதியம் பன்னிரண்டரைக்குக் கம்பெனியில் அரை மணி நேரம் விடுவார்கள். அந்த நேரத்துக்கு ஷஹாத்தா பின்சந்து வழியாக வண்டியைக் கொண்டுவந்து கம்பெனி வாசலில் நிறுத்துவான். இன்ஜினை அணைக்க மாட்டான். இப்திஸாம் ஓடிவந்து பின் இருக்கையில் ஏறிக்கொள்வாள். பால் இறங்கும் வரை மதிலோரமாக முன்னும் பின்னும் ஓட்டுவான். அவள் ஆள் கூப்பிடுவாள். ஒருமுறை நிஜமாகவே ஒருவர் ஏறிவிட்டார்.

மூன்றாம் வாரம் ஒருநாள் வாசலில் இரண்டு பெரிய கார்கள் நின்றிருந்தன. வெளிநாட்டுக் கடைக்காரர்களின் ஆட்கள் பார்வையிட வந்திருக்கிறார்கள் என்றார் கம்பெனிக் காவலாளி. வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னார்.

மாஸினுக்கு அன்று காத்திருக்கப் பொறுமை இல்லை. சால்வையிலிருந்து நழுவி இறங்கி வாசலை நோக்கி ஓடினான். காவலாளி குறுக்கே காலை நீட்டித் தடுத்தார்.

"பிள்ளைங்களுக்கு உள்ள அனுமதி இல்லப்பா. உனக்குத் தெரியாதா, அபூ மாஸின்?" என்று அப்பனைப் பார்த்துக் கேட்டார்.

பிள்ளையைத் தூக்கப் போன ஷஹாத்தா அப்படியே நின்றான். காவலாளியின் தோளுக்கு மேலே, 'பிள்ளைகள் அறை' என்ற பலகைக்குக் கீழே, கதவு முழுவதையும் மூடி ஒரு படம் ஒட்டியிருந்தது. ஆள் உயரத்தில் இப்திஸாம். தலையில் சிவப்புத் தொப்பி. மடியில் கன்றுக்குட்டி அளவுக்கு மாஸின், வாயில் புட்டி, இரண்டு புருவங்களும் மேலே. ரயில் இல்லை, ஸபாஹ் இல்லை, பின்னால் மங்கலாகப் பச்சை. கீழே இரண்டு மொழிகளில் எழுதியிருந்தது. புரிந்த மொழியில் அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்: 'எங்கள் தாய்மார்கள், வேலை நேரத்தில்.'

மணி அடித்தது. இப்திஸாம் நூல் ஒட்டிய மேலங்கியோடு ஓடிவந்தாள். படத்தைக் கடந்துதான் வந்தாள். காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். காரில் வந்தவர்கள் போகும் வரை சத்தம் கூடாது என்று காவலாளி சொன்னதால், ஷஹாத்தா வண்டியை நின்ற இடத்திலேயே உறும விட்டான். அவள் பிள்ளையின் காதோரம் குனிந்து, மூச்சுக் காற்றில் கூப்பிட்டாள்.

"ஸ்டேஷன், ஸ்டேஷன். ஒரே ஆள்."

மாஸின் குடித்துக்கொண்டே, வாசல் கம்பிகளுக்கு அப்பால், படத்தில் இருந்த பெரிய மாஸினைப் பார்த்தான். அப்போது அந்தக் கதவு திறந்தது. பெரிய மாஸின் புட்டியோடு சுவர்ப்பக்கம் திரும்பினான். உள்ளேயிருந்து ஒருவன் தள்ளுவண்டியில் ஜிப் பெட்டிகள் மூன்றை வெளியே உருட்டி வந்தான். காலால் பின்னுக்கு உதைத்துக் கதவை மூடினான். படம் மறுபடியும் வாசலைப் பார்த்து நின்றது.